மொபைலைத் தடை செய்வதா, சுவரில் காப்பர் அடிப்பதா, மெஷினை மாற்றுவதா: சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு எது சரிவரும்?

சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கொஞ்ச நாளாக மூன்று இடங்களிலிருந்து கிட்டத்தட்ட ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர், 'மொபைல் போனுக்குத் தடை' என்று போர்டு மாட்டியும் யாரும் கேட்பதில்லை, ஜாமர் (போன் சிக்னலை முடக்கும் கருவி) வைத்துவிடலாமா என்றார். ஜங்ஷன் பக்கம் பத்துப் படுக்கை ஐ.சி.யூ. கட்டிக்கொண்டிருப்பவர், சுவர் முழுக்கக் காப்பர் மெஷ் அடித்துத் தருவதாக ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், செய்யலாமா என்றார். ஏற்காட்டில் சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறவருக்கு வேறு கவலை: மொட்டை மாடியை டவருக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள், விட்டால் மெஷின்கள் கெடுமா?

மூன்று பேரும் கேட்பது ஒன்றைத்தான். ரேடியோ அலை புகுந்து மெஷின் தப்பாகக் காட்டுவதையோ, பாதியில் நின்றுபோவதையோ எப்படித் தடுப்பது, அதற்கு எங்கே செலவு செய்வது? போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

## முதலில், அது ரேடியோ அலைதானா?

செலவு செய்வதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். 'மானிட்டரில் இன்டர்ஃபியரன்ஸ் வருது' என்று என்னைக் கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் காய்ந்துபோன எலெக்ட்ரோடு (உடம்பில் ஒட்டும் வில்லை), அதிலிருந்து மெஷினுக்குப் போகும் உடைந்த லீடு வயர், எர்த் இல்லாத ப்ளக் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இ.சி.ஜி. கோடு சீராகத் தடித்துத் தெரிந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தம், அதாவது கரண்ட் லைனிலிருந்து வரும் மின் இடைஞ்சல். எலெக்ட்ரோடை மாற்றி, தோலை நன்றாகத் துடைத்து ஒட்டினாலே பாதிக்குமேல் சரியாகிவிடும்.

ரேடியோ அலை செய்வது வேறு மாதிரி. ஒரு மீட்டர் நீளத்தில் தொங்கும் லீடு வயர் நல்ல ஆன்டெனா. அது பிடித்த அலை உள்ளே ஆம்ப்ளிஃபயரின் முதல் படியிலேயே ரெக்டிஃபை ஆகி, அதாவது ஒரே திசைக்குத் திரும்பி, மெதுவாக ஏறி இறங்கும் சின்ன வோல்டேஜாக மாறிவிடும். இதயத்திலிருந்து வருவதே ஒரு மில்லிவோல்ட் அளவுதான். எது இதயம், எது போன் என்று மெஷினுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஏற்காட்டில் ஒரு இடத்தில் மானிட்டரின் மூச்சுக் கோடு மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிறுக்கலாகிவிடும், காலையில் தானாகவே சரியாகிவிடும். மானிட்டர் மூச்சை அளப்பதற்கு அதே இ.சி.ஜி. வயர் வழியாகப் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் மிகச் சின்ன கரண்ட் ஒன்றை அனுப்பும், அதனால் அந்த வட்டாரத்தில் வரும் எந்தச் சத்தமும் முதலில் மூச்சுக் கோட்டில்தான் தெரியும். டவர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பேட்டரியில் ஓடும் பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அறை முழுக்க நடந்தேன். மூன்றாவது படுக்கைக்கு மேல் புதிதாக மாட்டியிருந்த மலிவு எல்.ஈ.டி. ட்யூப் கிட்டே போனதும் ரேடியோ 'ர்ர்ர்' என்று அடித்தது. ட்யூபை அணைத்தால் சத்தம் நின்றது, மூச்சுக் கோடும் நேரானது. நாலு ட்யூப்களை மாற்றியதோடு வேலை முடிந்தது. கவசமும் வேண்டியிருக்கவில்லை, தடையும் வேண்டியிருக்கவில்லை. எந்த நேரத்தில் வருகிறது, எந்தப் படுக்கையில் வருகிறது, அப்போது வேறு என்ன ஓடுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துவைத்தால் காரணம் தானாகவே வெளியே வரும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். அந்த மெஷின் தப்பு செய்தால் உயிருக்கு ஆபத்தா, இல்லை திரையில் கோடு மட்டும் கெடுமா? மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டரும் மருந்தை அளவாக ஏற்றும் சிரிஞ்ச் பம்பும் ஒரு ரகம், வார்டில் இருக்கும் மானிட்டர் வேறு ரகம். அலை எங்கிருந்து வருகிறது, அதை நகர்த்த முடியுமா? இன்றைய பில் மட்டும் இல்லாமல் ஐந்து வருடத்துக்கு மொத்தம் என்ன செலவாகும்? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஒரு சிஸ்டர் பன்னிரண்டு பேஷன்ட்டைப் பார்க்கும்போதும் இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்குமா? கடைசியாக, இதனால் டாக்டரைக் கூப்பிடுவது, ரத்தம் ஏற்பாடு செய்வது போன்ற அவசரப் பேச்சு தடைப்படுமா?

நாலாவது கேள்விதான் எனக்கு முக்கியம். காகிதத்தில் நன்றாகத் தெரியும் பல ஏற்பாடுகள் அந்த இரண்டு மணிக்குத்தான் தோற்றுப்போகின்றன.

## வழி 1: மொபைலுக்கு முழுத் தடை

போர்டு மாட்ட நூறு, இருநூறு ரூபாய் போதும், அதனால்தான் எல்லோரும் முதலில் இதற்குப் போகிறார்கள். ஆனால் மறைந்திருக்கும் விலை பெரியது. கூட இருப்பவர் பணத்துக்கும், ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பதற்கும், ஊரில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசுவதற்கும் அந்தப் போனைத்தான் நம்பியிருக்கிறார். டாக்டரே இ.சி.ஜி.யை வாட்ஸ்அப்பில்தான் கேட்கிறார். இந்த நிலையில் தடை போட்டால் போன் வெளியே போகாது, தலையணைக்கு அடியில் போகும். அதாவது பம்புக்கு இன்னும் பக்கத்தில்.

ஒரு பிரசவ வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். "சார், இந்த சி.டி.ஜி. மெஷின் ரெண்டு நாளா நடுநடுவுல கோட்ட விட்டுடுதுங்க, வேற மெஷின் வரச் சொல்லட்டுங்களா?" என்று சிஸ்டர் கூப்பிட்டார். சி.டி.ஜி. என்பது வயிற்றுக் குழந்தையின் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் மெஷின். போய் உட்கார்ந்து தாளைப் பார்த்தேன். குழந்தையின் துடிப்பு 140 பக்கத்தில் அழகாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஒன்றரை மில்லிமீட்டர் வெற்றிடம், மறுபடி 140. தாள் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ஓடும், அப்படியானால் ஒன்பது நொடி காணவில்லை. அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஸ்பீக்கரில் குழந்தையின் துடிப்புக்கு நடுவே 'டிட்-டிடிட், டிட்-டிடிட்' என்று வந்தது, இரண்டு நொடி கழித்து எங்கேயோ ஒரு போன் அதிர்ந்தது. மெஷின் ட்ராலியின் கீழ்த்தட்டில், ஜெல் பாட்டில் பக்கத்தில், துணியில் சுற்றி ஒரு கீபேட் போன். தடை போர்டைப் பார்த்து பயந்து அந்தப் பெண்ணின் அம்மா ஒளித்துவைத்திருந்தார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. போனை எங்கே வைக்கலாம் என்று யாருமே அவரிடம் சொல்லவில்லை.

சைலன்ட்டில் போட்டால் போதும் என்பதும் தப்பு. சைலன்ட்டில் இருக்கும் போன் டவரோடு பேசிக்கொண்டேதான் இருக்கும். மணி அடிப்பதற்கு முன்னாலேயே அது அலை அனுப்பத் தொடங்கிவிடும், அந்த 'டிட்-டிடிட்' அதுதான்.

ஜாமர் பற்றி ஒரே வரி: அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் தனியார் ஜாமர் வைப்பது சட்டவிரோதம், அதைவிட முக்கியம், ஜாமரே ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர். எந்த அலையைத் தடுக்க நினைக்கிறீர்களோ அதையே ஐ.சி.யூ.வுக்குள் நீங்களே கொண்டுவந்து வைப்பதாகிவிடும்.

தடை சரியான இடங்களும் உண்டு: எம்.ஆர்.ஐ. அறை, ஆபரேஷன் தியேட்டர், பச்சிளம் குழந்தைகளின் ஐ.சி.யூ. இங்கெல்லாம் ஆள் குறைவு, கதவு ஒன்று, வாசலில் லாக்கர் வைத்து சாவி கொடுக்க முடியும். எங்கே கண்காணிக்க முடியுமோ அங்கே மட்டும் தடை போடுங்கள்.

## வழி 2: தூரத்தைக் கட்டுப்படுத்துவது

என் கணக்கில் போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2007இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. நெதர்லாந்தில் தீவிர சிகிச்சை மெஷின்கள் 61ஐ எடுத்து மொபைல் சிக்னலைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்ததில் 26 மெஷின்கள் தடுமாறின. அதே வருடம் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் 75 நோயாளி அறைகளில், 300 சோதனைகளில், வழக்கமாகப் போன் பேசுவது போலவே பேசிப் பார்த்தார்கள், சிகிச்சையைப் பாதிக்கும் இடையூறு ஒன்றுகூட இல்லை. ஒன்று பயமுறுத்துகிறது, இன்னொன்று தைரியம் சொல்கிறது என்று குழம்ப வேண்டாம், இரண்டுமே உண்மைதான். நெதர்லாந்து ஆய்வில் ஆபத்தான தடுமாற்றங்கள் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் வந்தன. மேயோவில் வழக்கமாகப் பேசுவது போலத்தான் பேசினார்கள். தூரம் பாதியானால் அலையின் பலம் இரண்டு மடங்காகும். ஒரு மீட்டரில் ஒன்றும் செய்யாத போன், ட்ராலியின் கீழ்த்தட்டில் எல்லாம் செய்யும்.

மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60601-1-2. அதன் பழைய பதிப்புகளில், உயிர் காக்கும் கருவி அல்லாதவை மீட்டருக்கு 3 வோல்ட் (அலையின் பலத்தைச் சொல்லும் அளவு இது) அலையைத் தாங்கினால் போதும். அந்த 3 வோல்ட் மெஷினுக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று அதே பதிப்புகள் ஒரு சூத்திரம் கொடுத்தன. அதை வைத்துப் போட்ட கணக்கு இது:

| எது | உச்ச சக்தி, ஏறத்தாழ | விட வேண்டிய தூரம் |
|---|---|---|
| ப்ளூடூத் | 0.01 வாட் | கால் மீட்டர் |
| வைஃபை பெட்டி | 0.1 வாட் | முக்கால் மீட்டர் |
| 4ஜி போன் | 0.2 வாட் | 1 மீட்டர் |
| 2ஜி போன், 900 மெகாஹெர்ட்ஸ் | 2 வாட் | 3.3 மீட்டர் |
| வாக்கி டாக்கி | 5 வாட் | 2.7 மீட்டர் |

5 வாட்டுக்கு எப்படி 2 வாட்டைவிடக் குறைந்த தூரம் என்று கேட்பீர்கள். வாக்கி டாக்கி பேசுவது 800 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அங்கே அந்தச் சூத்திரம் தளர்வான பெருக்கெண்ணைப் பயன்படுத்துகிறது. வெட்டவெளிக் கணக்குப் போட்டால் 5 மீட்டருக்கு மேல் வரும், நான் அதைத்தான் எடுத்துக்கொள்வேன். செக்யூரிட்டி கையில் இருக்கும் வாக்கி டாக்கியைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. 1997இல் பிரிட்டன் வெளியிட்ட சோதனை முடிவில், ஒரு மீட்டர் தூரத்தில் மொபைல் பாதித்தது நூற்றுக்கு நாலு மெஷினை, அவசர சேவைகளின் வாக்கி டாக்கி பாதித்தது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். ஐ.சி.யூ. வாசலில் செக்யூரிட்டி நின்று பேசலாம், படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பட்டனை அமுக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் 2ஜி வரிசையைக் கவனியுங்கள். நகரத்தில் இது பழங்கதையாகத் தெரியலாம். ஏற்காடு மலைக் கிராமங்களான நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கமிருந்து வருகிறவர்களில் கீபேட் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். சிக்னல் குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும், மலை மறைவில், கான்கிரீட் அறைக்குள் அது உச்சத்தில்தான் ஓடும். ஆகவே ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மீட்டர் விதி போதும் என்றால் ஏற்காட்டில் மூன்று மீட்டர் விதி வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: படுக்கையின் மெஷின் பக்கத்தில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள், எதிர்ப்பக்கச் சுவரில் போன் வைக்க ஒரு தட்டும் சார்ஜர் பாயின்ட்டும் கொடுங்கள். சார்ஜர் இருக்கும் இடத்துக்குப் போன் தானாகவே போய்ச் சேரும். மெஷினுக்குப் பக்கத்து ப்ளக்கில் சார்ஜர் மாட்ட முடியாதபடி மூடிவிடுங்கள். தடை போர்டு செய்யாததை இந்தத் தட்டு செய்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கும் செய்கிறது.

குறை என்னவென்றால் இடம். இரண்டு படுக்கைகளுக்கு நடுவே நாலடி கூட இல்லாத வார்டில் மூன்று மீட்டர் என்று பேசுவதில் அர்த்தமில்லை. அங்கே கீழே சொல்லும் நாலாவது, ஐந்தாவது வழிகளுக்குத்தான் போக வேண்டும்.

## வழி 3: அறைக்குக் கவசம்

காப்பர் கவசம் நன்றாக வேலை செய்யும் இடம் எம்.ஆர்.ஐ. அறை. 1.5 டெஸ்லா மெஷின் 64 மெகாஹெர்ட்ஸில் உடம்பிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைக் கேட்கிறது, வெளியே இருந்து கொஞ்சம் அலை நுழைந்தாலும் படத்தில் கோடு விழும். அங்கே கவசம் இல்லாமல் முடியாது. மூளை அலை, நரம்புச் சோதனை செய்யும் அறைகள் டவருக்கு எதிரில் இருந்தால் அங்கேயும் யோசிக்கலாம், ஏனென்றால் அவை அளப்பது மைக்ரோவோல்ட்டில்.

சாதாரண ஐ.சி.யூ.வுக்கு? நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மெஷ் விலை ஒரு பகுதிதான். கவசம் அதன் ஓட்டைகள் எவ்வளவு நல்லவையோ அவ்வளவுதான் நல்லது. கதவுக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர்தானே இடைவெளி என்பார்கள், அலைக்கு உயரம் முக்கியமில்லை, நீளம்தான் முக்கியம். 900 மெகாஹெர்ட்ஸில் பாதி அலை 17 சென்டிமீட்டர், மூன்றடிக் கதவின் கீழே உள்ள கோடு அதற்குத் திறந்த வாசல். அதனால்தான் எம்.ஆர்.ஐ. கதவைச் சுற்றி விரல் விரலாகச் செம்புப் பட்டைகள் இருக்கும், ஸ்ட்ரெச்சர் இடித்து நாலு விரல் வளைந்தாலே கசியும். ஜன்னல், ஏ.சி. டக்ட், ஆக்சிஜன் பைப், ஒவ்வொரு கரண்ட் வயர், ஒவ்வொரு நெட்வொர்க் கேபிள், எல்லாவற்றுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும். இவை கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்த்த கொட்டேஷனில் இல்லை.

இன்னொரு பெரிய பிரச்சினையை யாரும் சொல்வதில்லை. அரைகுறைக் கவசம் வெளியே இருந்து வரும் டவர் சிக்னலைக் குறைக்கும், உள்ளே வந்துவிட்ட போனைத் தடுக்காது. டவர் சிக்னல் சரியாகக் கிடைக்காத போன் முழுச் சக்தியில் கத்தும். அதாவது பல லட்சம் செலவழித்து, தூரத்தில் இருந்த சாதுவான டவரை வெளியே நிறுத்திவிட்டு, படுக்கைப் பக்கத்தில் இருக்கும் போனின் குரலை உயர்த்தியிருப்பீர்கள். எக்ஸ்ரே அறைக்கு அடித்த ஈயத் தகடு ஐ.சி.யூ.வுக்கும் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

## வழி 4: மெஷின் பக்கத்திலேயே சரிசெய்வது

பழைய மெஷின்கள், இடநெருக்கடியான வார்டு, கையில் பணம் குறைவு என்றால் இதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் வயர். தொலைந்துபோன ஒரிஜினல் இ.சி.ஜி. கேபிளுக்குப் பதில் கால் விலைக்கு வாங்கிய டூப்ளிகேட்டில் பல நேரம் உள்ளே கவசப் பின்னலே இருக்காது. வெட்டிப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக்கும் மெல்லிய வயரும்தான். அதை மாற்றினாலே பாதி மெஷின்கள் ஒழுங்காகிவிடும். லீடு வயர்களை வட்டமாகத் தொங்கவிடாமல் ஒன்றாகச் சேர்த்து உடம்போடு கொண்டுபோங்கள். கேபிள் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் ஃபெரைட் க்ளாம்ப் (கேபிளைக் கவ்வி ரேடியோ அலையைக் குறைக்கும் வளையம்) மாட்டலாம், சில நூறு ரூபாய்தான், திறந்து மூடினால் வேலை முடிந்தது. ஒரே சுற்றாக மாட்டிய ஃபெரைட் பொதுவாக 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரைதான் நன்றாக வேலை செய்யும், வாக்கி டாக்கிக்கு உதவும், 4ஜிக்குப் பெரிதாக நம்ப முடியாது.

பழுது பார்க்கிறவர்களுக்கு ஒன்று. மெஷினைத் திறந்து மூடும்போது எட்டு ஸ்க்ரூவில் ஆறுதான் போட்டால் அந்த இடைவெளியும் கதவுக்கு அடியில் உள்ள கோடு மாதிரிதான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பட்டை, ஃபாயில் டேப் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். 'சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு' என்று சொல்லும் சிஸ்டர் சொல்வது பெரும்பாலும் சரி.

தியேட்டரில் கதை வேறு. அங்கே ரேடியோ அலை அதிகம் வருவது, திசுவை வெட்டவும் ரத்தக் கசிவை நிறுத்தவும் பயன்படும் காட்டரி மெஷினிலிருந்துதான், சில லட்சம் ஹெர்ட்ஸில் நூறு, இருநூறு வாட் ஓடும். அதன் வயரும் மானிட்டர் வயரும் இணையாகப் போகக் கூடாது, குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். தொடையில் ஒட்டும் ப்ளேட் முழுதாக ஒட்டியிருக்க வேண்டும், இது இடையூறுக்கு மட்டும் இல்லை, பேஷன்ட்டுக்குச் சூடு படாமல் இருக்கவும்தான். பிசியோதெரபியில் உடம்புக்குச் சூடு கொடுக்கும் 27.12 மெகாஹெர்ட்ஸ் ஷார்ட்வேவ் டயாதெர்மி மெஷின் இருந்தால் அதற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஐ.சி.யூ. வராதபடி அறையைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த வழியின் மறைந்த ஆபத்து எர்த். கரண்ட் லைனில் போடும் ஃபில்டர் சத்தத்தை எர்த்துக்குத் தள்ளும், எர்த் சரியில்லை என்றால் அது எங்கேயும் போகாது. சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட் பாறை, மேல் மண் போனதும் கல்தான், ஒரு எர்த் பிட் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நம்ப முடியாது. வருடத்தில் காய்ந்த மாதத்தில் எர்த் ரெசிஸ்டன்ஸை அளந்து பாருங்கள், மழைக்காலத்தில் அளந்தால் நல்ல எண்தான் வரும். இன்னொன்று, கடையில் கிடைக்கும் சாதாரண ஃபில்டர் ஸ்ட்ரிப்பை பேஷன்ட் மெஷினுக்குப் போடாதீர்கள். அதில் உள்ள கெப்பாசிட்டர் கசிவுக் கரண்ட்டைக் கூட்டும். இதயத்தோடு நேராகத் தொடர்புள்ள கருவியில் சாதாரண நிலையில் 10 மைக்ரோஆம்பியருக்கு மேல் பேஷன்ட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. மருத்துவத் தரமுள்ள ஃபில்டர் என்றால் மட்டும் சரி.

## வழி 5: தாங்கும் மெஷினாகப் பார்த்து வாங்குவது

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இதுதான் நல்லது. மேலே சொன்ன ஐ.இ.சி. 60601-1-2 தரத்தின் நாலாம் பதிப்பு 2014இல் வந்தது. ஒரு முழம் தூரம்கூட இல்லாமல், 30 சென்டிமீட்டரில் போனோ வாக்கி டாக்கியோ வரும் என்று வைத்துக்கொண்டு, சில அலைவரிசைகளில் மீட்டருக்கு 28 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்கிறது. பழைய 3 வோல்ட்டோடு ஒப்பிட்டால் ஒன்பது மடங்கு.

சேல்ஸ் ஆளிடம் வாதாடத் தேவையில்லை. மேனுவலின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, 385 மெகாஹெர்ட்ஸ் என்று முதல் வரி தொடங்கும் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாலாம் பதிப்பின்படி சோதித்தது. அதற்குப் பதில் 'டிரான்ஸ்மிட்டர் சக்தி, விட வேண்டிய தூரம்' என்று நான் மேலே போட்டது போன்ற அட்டவணை மட்டும் இருந்தால் பழைய பதிப்பு. மேனுவலே தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். சோதனை அறிக்கையைக் கேளுங்கள், சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மின்காந்த மையம் மாதிரியான இடங்களில் இந்தச் சோதனை செய்கிறார்கள், நம் நாட்டிலேயே நடக்கிற காரியம்தான்.

செகண்ட் ஹாண்ட் வென்டிலேட்டர், புதுப்பித்த மானிட்டர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். மேனுவலில் உள்ள எண் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்கு உண்டானது, நடுவில் நாலு பேர் திறந்து மூடியிருப்பார்கள். மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி புது ஒரிஜினல் கேபிளுக்குப் போகும் என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

வயரில்லாத டெலிமெட்ரி (பேஷன்ட்டின் அளவுகளை ரேடியோவில் அனுப்பும் கருவி) வாங்கும்போது வேறு கேள்வி: அந்த அலைவரிசையில் வேறு யார் பேசுகிறார்கள்? 1998 பிப்ரவரியில் அமெரிக்காவில் டாலஸ் நகரத்து டி.வி. நிலையம் ஒன்று டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தபோது பெய்லர் ஆஸ்பத்திரியின் டெலிமெட்ரி படுத்துவிட்டது. இரண்டு பேரும் சட்டப்படிதான் நடந்தார்கள், ஆனால் ஒரே இடத்தில் பேசினார்கள். அதன் பிறகு 2000இல் அங்கே மருத்துவ டெலிமெட்ரிக்கென்று தனி அலைவரிசைகள் ஒதுக்கினார்கள். பேஷன்ட் நடமாட வேண்டியதில்லை என்றால் வயர் போட்ட மானிட்டரே போதும்.

## வழி 6: உள்ளே சிக்னலை நன்றாக்குவது

கேட்க முரணாகத் தோன்றும், ஆனால் சிக்னல் நன்றாக இருந்தால் போன் மெதுவாகப் பேசும். மொபைல் நிறுவனத்திடம் கேட்டுக் கட்டடத்துக்குள் சின்ன ஆன்டெனாக்கள் வைக்கச் சொல்லலாம், பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் அவர்கள் வருவார்கள். சின்ன இடத்துக்கு வைஃபை காலிங் போதும். டியூட்டி டாக்டர், சிஸ்டர் போன்களை ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் இயக்கினால் பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் கால் வரும், போகும், மேலே உள்ள அட்டவணைப்படி உச்ச சக்தி 4ஜியில் பாதிதான். ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள், உரிமம் பெற்ற மொபைல் நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் அதை வைத்திருப்பது சட்டவிரோதம்.

## அந்த மூன்று பேருக்கு

ஃபேர்லேண்ட்ஸ் டாக்டருக்கு: ஜாமர் வேண்டாம். தடை போர்டைக் கழற்றிவிட்டு, 'போனை இங்கே வையுங்கள்' என்று சார்ஜர் தட்டுக்கு மேல் எழுதுங்கள். சி.டி.ஜி. ட்ராலியின் கீழ்த்தட்டை எடுத்துவிடுங்கள், வைக்க இடமே இல்லையென்றால் யாரும் வைக்க மாட்டார்கள். தியேட்டரிலும் குழந்தைகள் ஐ.சி.யூ.விலும் தடை அப்படியே இருக்கட்டும்.

ஜங்ஷன் ஐ.சி.யூ.வுக்கு: காப்பர் மெஷ் பணத்தை நாலாம் பதிப்பு வென்டிலேட்டர், பம்புகளுக்குப் போடுங்கள். கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருப்பதால் இப்போதே எர்த்தையும், படுக்கை இடைவெளியையும், நல்ல எல்.ஈ.டி. விளக்குகளையும் சரியாக முடிவு செய்துவிடலாம். பூசி முடித்த பிறகு இவற்றைச் செய்ய மூன்று மடங்கு செலவாகும்.

ஏற்காட்டுக்காரருக்குக் கொஞ்சம் நீளமான பதில். டவர் ஆன்டெனா அலையைக் கிடைமட்டமாக முன்னால் வீசும், நேர் கீழே விழுவது குறைவு, அதனால் உங்கள் கட்டடத்தைவிட எதிரில் அதே உயரத்தில் இருக்கும் கட்டடத்துக்குத்தான் அதிகம் படும். ஆனால் மக்களுக்கான பாதுகாப்பு வரம்பு வேறு, மெஷினுக்கான தாங்குதிறன் வேறு. 2012 செப்டம்பரில் இந்தியாவில் கொண்டுவந்த மக்களுக்கான வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் மீட்டருக்கு 13 வோல்ட் வரும். உங்கள் பழைய மானிட்டர் தாங்குவது 3. நடைமுறையில் அளவு இந்த வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும், இருந்தாலும் 'சட்டப்படி சரி' என்பதை 'மெஷினுக்குச் சரி' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தரங் சஞ்சார் என்ற அரசு இணையதளத்தில் சுற்றியுள்ள டவர்களின் நிலையைப் பார்க்கலாம், கட்டணம் கட்டி அளக்கவும் சொல்லலாம். வாடகைக்கு விடும் முன்னால் ஒருமுறை, டவர் ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறை, ஐ.சி.யூ. படுக்கைக்குப் பக்கத்திலேயே அளந்து ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல பக்கமும் உண்டு, பக்கத்தில் டவர் வந்தால் உங்கள் வார்டில் உள்ள கீபேட் போன்கள் எல்லாம் 2 வாட்டிலிருந்து இறங்கிவிடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இடி. மலை உச்சியில் உயரமான இரும்பை உங்கள் தலைக்கு மேல் நிறுத்துகிறீர்கள், மின்னல் இறங்கும்போது பாறையில் போட்ட மோசமான எர்த்தை டவரும் உங்கள் வென்டிலேட்டரும் பங்குபோட்டுக்கொள்ளும். டவர் எர்த்தும் ஆஸ்பத்திரி எர்த்தும் எப்படி இணைகின்றன, லைனில் சர்ஜ் (திடீரென்று எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். சித்திரை மாத இடி தொடங்குவதற்கு முன்னால் நான் ஒருமுறை மேலே வருகிறேன், எர்த்தை அளக்கும் மெக்கரையும் அந்தப் பழைய ட்ரான்சிஸ்டரையும் எடுத்துக்கொண்டு.